சர்வர் டவுன்: தேசியத் தகவலியல் மையத்துக்கு நாஞ்சில் நாட்டிலிருந்து ஒரு விண்ணப்பம்

பெருமதிப்பிற்குரிய தேசியத் தகவலியல் மையத்தாருக்கு,

அரசின் கணினி வேலையை வீட்டோடு வைத்துப் பார்த்துக்கொள்வதற்காக 1976இல் தொடங்கப்பட்டவர்கள் நீங்கள். அதன் பிறகு அரசு அலுவலகத் தமிழில் வந்து சேர்ந்த சொற்களில் 'சர்வர் டவுன்' அளவுக்கு வேர்பிடித்தது வேறில்லை. இலக்கணப்படி அது அபூர்வமான வாக்கியம். மழை பெய்தது, மாமரம் பூத்தது என்பதுபோல, செய்தவர் என்று ஒருவரும் இல்லாமலே நடந்து முடிகிறது. விழுந்தது உங்கள் சர்வரா, சென்னையில் மாநில அரசு வைத்திருப்பதா, நடுவில் ஒப்பந்தம் எடுத்த கம்பெனியுடையதா என்று தோவாளையிலோ கல்குளத்திலோ வரிசையில் நிற்பவருக்குத் தெரியாது. ஜன்னலுக்கு அப்புறம் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியாது. தெரியாமலிருப்பதில் இருவருக்கும் இருக்கும் இந்தச் சமத்துவத்துக்காக உங்களைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சலை ஸோஹோ நிறுவனத்தின் தளத்துக்கு மாற்றியாயிற்று என்று 2025 அக்டோபரில் செய்தி வந்தது. தனியார் கையில் கொடுத்துவிட்டார்களே என்று ஒரு தரப்பு புலம்பியது. சுதேசி என்று மறுதரப்பு கொண்டாடியது. ஆரல்வாய்மொழியைத் தாண்டி வடக்கே போனால் வரும் தென்காசிப் பக்கத்து மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் கம்பெனி என்பதால் எங்களுக்கும் கொஞ்சம் பெருமைதான். ஆனால் வேலைக்கு ஆள் வைப்பது வேறு, பொறுப்பைக் கைகழுவுவது வேறு. மூலம் திருநாள் மகாராஜா காலத்தில், 1897 முதல் 1906 வரை, பேச்சிப்பாறை அணையைக் கட்டியவர் மிஞ்சின் என்ற ஐரோப்பிய எஞ்சினியர். கட்டும் வேலையை வெளியாளிடம் விட்ட திருவிதாங்கூர், கோதையாற்றுத் தண்ணீரை அவர் பெயருக்கு எழுதிக்கொடுக்கவில்லை. கன்னிப்பூ நெல்லுக்குக் கடைவரம்பு வரை தண்ணீர் வராவிட்டால் யாரைத் திட்டுவது என்பதில் இன்றுவரை இங்கே எந்த விவசாயிக்கும் குழப்பம் கிடையாது. சர்வர் விஷயத்தில் அந்த வசதி இல்லை. உங்களிடமும் ஒரு நல்ல காரியம் உண்டு: மின்னஞ்சல் தளம் மாறினாலும் முகவரியின் வாலை அரசின் பெயரிலேயே வைத்துக்கொண்டீர்கள். அந்த வாலின் அருமை ஸோஹோவுக்கே நன்றாகத் தெரியும். 2018 செப்டம்பரில், மோசடி மின்னஞ்சல் புகார்களைக் காரணம் காட்டி, அதன் இணையப் பெயரைப் பதிவுசெய்து கொடுத்திருந்த நிறுவனம் அந்தப் பெயரையே முடக்கியது. சொந்தத் தரவு மையம், சொந்த எஞ்சினியர்கள் எல்லாம் இருந்தும் முதலாளி ட்விட்டரில் வந்து முறையிட வேண்டியதாயிற்று.

சொந்தமா, வெளியாளா என்ற பட்டிமன்றத்தில் நடுவர் தீர்ப்புச் சொல்லவே முடியாது. இரண்டு அணியும் தோற்ற அணிகள்தான். டெல்லி எய்ம்ஸ் தன் கணினிகளைத் தானே பராமரித்தது. 2022 நவம்பர் 23 அன்று ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தரவைத் தாக்குதல்காரர்கள் பூட்டிவிட்டார்கள்; ஏறத்தாழ இரண்டு வாரம் நோயாளிகளின் பெயர்களைக் காகிதத்தில் எழுதினார்கள். அதற்கு நேரெதிராக, நாடெங்கும் ஏறக்குறைய 300 சிறு வங்கிகள் தங்கள் சர்வர் கவலையை சி-எட்ஜ் என்ற ஒரே கம்பெனியிடம் இறக்கிவைத்து நிம்மதியாக இருந்தன. 2024 ஜூலை இறுதியில் அந்தக் கம்பெனி தாக்கப்பட்டதும், தேசியக் கொடுப்பனவுக் கழகம் அதன் இணைப்பைத் துண்டித்தது. 300 வங்கிகளின் பணப் பரிமாற்றமும் ஒன்றாக நின்றது. ஒரே மடையை நம்பிய 300 வயல்கள். இந்த இரண்டில் எய்ம்ஸைக் காப்பாற்றியது எது என்று பார்த்தால், தாக்குதல் எட்டாத வேறொரு சர்வரில் கிடந்த பிரதி. தென்கொரியாவுக்கு அதுவும் வாய்க்கவில்லை. தேஜோனில் உள்ள அரசுத் தரவு மையத்தில் 2025 செப்டம்பர் 26 அன்று பேட்டரி தீப்பிடித்து, அரசு ஊழியர்கள் சேமித்து வைத்திருந்த 858 டெராபைட் கோப்புகள் எரிந்துபோயின. அளவு பெரிதாக இருந்ததால் பிரதி எடுக்கவில்லை என்றார்கள். வீடு ரொம்பப் பெரிது, அதனால் பூட்டுப் போடவில்லை என்பதுபோல.

நாகர்கோவிலில் ஆளுக்கொரு சர்வர் வைத்துக்கொண்டால் ஆகுமா என்று நீங்கள் கேட்பீர்கள். ஆகாது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி வந்தபோது மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அன்று எங்கள் சர்வர் எங்களோடு சேர்ந்து இருட்டில் உட்கார்ந்திருக்கும். சிறிய அலுவலகம் எதுவும் இரவு இரண்டு மணிக்கு எழுந்து பேட்ச் போட ஆள் வைத்துக் கட்டுப்படியாகாது என்பதும் உண்மை. ஆகவே தாராளமாக வெளியே கொடுங்கள். பிரதியை மட்டும் வேறு ஊரில், வேறு கையில் வையுங்கள்; ஒப்பந்தம் முடியும் நாளில் தரவு முழுவதும் எந்த வடிவத்தில் திரும்பி வரும் என்பதைக் கையெழுத்துப் போடும் நாளிலேயே எழுதி வாங்குங்கள். அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டில் தலைமுறைகளாகக் காத்த ஓலைகள் சொந்தப் பராமரிப்புக்கு நல்ல உதாரணம். கவிமணி உட்கார்ந்து அவற்றை நகல் எடுத்தது அதைவிட நல்ல உதாரணம்.

எனவே எங்கள் விண்ணப்பம் சின்னது. அலுவலகச் சுவரில் தொங்கும் தீயணைப்பு உருளையில், கடைசியாகச் சோதித்த தேதி எழுதிய சீட்டு ஒன்று ஒட்டியிருக்கும். அதன் பக்கத்திலேயே இன்னொரு சீட்டு ஒட்டச் சொல்லுங்கள்: இந்தச் சேவையின் சர்வர் யாருடையது, நின்றுபோனால் பதில் சொல்லும் அதிகாரியின் பதவி என்ன, பிரதியிலிருந்து தரவை மீட்டுப் பார்த்த கடைசித் தேதி எது. பாதுகாப்பு ரகசியம் என்று மறுத்துவிடாதீர்கள். கடவுச்சொல்லை யார் கேட்டார்கள்? மூன்றாவது கட்டத்தை நிரப்ப முடியாவிட்டால் காலியாக விட்டுவிடலாம். அதை வாசிக்க எங்களுக்கு வரிசையில் நேரம் இருக்கிறது.

இப்படிக்கு,
கடைவரம்பில் நிற்கும் ஒருவன்