சிங்கப்பூர் – நியூயார்க் வான்தொலைவும் பயணியின் கைக்கடிகாரமும்: ஓர் ஆய்வு

‘எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?’ என்று ஒரே மூச்சில் கேட்பது நம்மவர் வழக்கம். முதல் கேள்விக்கு விடை ஒன்று, இரண்டாவதற்கு மூன்று என நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்களம், சாங்கியிலிருந்து நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்கு 2020 நவம்பரில் தொடங்கிய சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் நேரடிச் சேவை.

தூரம் சுமார் 15,350 கிலோமீட்டர். சுவர் வரைபடத்தில் ஸ்கேல் வைப்பவர் ஏமாறுவார். உலக உருண்டையில் நூல் பிடித்தால் அது வட துருவத்தை உரசிக்கொண்டு போகும். இரு ஊர்களின் தீர்க்கரேகைகளுக்கும் நடுவே ஏறக்குறைய 178 பாகை இருப்பதே காரணம். விமானி நூலை மதிப்பதில்லை என்பது வேறு விஷயம். மேற்கிலிருந்து வீசும் ஜெட் காற்று முதுகில் தள்ளட்டும் என்று பசிபிக் வழியாகச் சுற்றிப்போவதும் உண்டு.

இனி நேரம். முதலாவது, விமான நேரம்: பதினெட்டு மணிக்கு மேல். இதில் சர்ச்சைக்கு இடமில்லை.

இரண்டாவது, கடிகார நேரம். கோடையில் இரு ஊர்களுக்கும் வித்தியாசம் சரியாக 12 மணி. முள் வைத்த கடிகாரத்தைத் தொடவே வேண்டாம். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சூரியக் கணக்குப்படி சிங்கப்பூர் தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் கூட்டி வைத்திருக்கிறது. 1982 ஜனவரியில் கடைசி அரைமணியையும் சேர்த்துக்கொண்டது. நியூயார்க்கும் கோடையில் ஒரு மணி கூட்டுகிறது. இருவரும் ஒரே அளவு பொய் சொல்வதால் கணக்கு நேராகிவிடுகிறது. குளிர்காலத்தில் நியூயார்க் திருந்திவிடும், சிங்கப்பூர் திருந்தாது. வித்தியாசம் 13 ஆகி, பயணி திருகைத் திருக நேர்கிறது.

ஆக, கோடையில் நள்ளிரவு சாங்கியில் ஏறியவர் விடியற்காலை நியூயார்க்கில் இறங்குகிறார். கடிகாரப்படி ஆறேழு மணி நேரம். அதே இரவு கோலாலம்பூருக்கு பஸ் ஏறிய மச்சானும் ஏறக்குறைய அவ்வளவு நேரத்தில்தான் போய்ச் சேருவார்.

மூன்றாவது, முழங்கால் நேரம். இத்தகைய நெடுந்தூரத் தடங்களுக்கென்றே உருவான ஏ350 வகை விமானத்தில் இருக்கைகள் 161 மட்டுமே: பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. சாதா வகுப்பே கிடையாது என்பதால், ஆய்வுக்கு மிகவும் வேண்டிய முழங்கால்கள் கிடைக்கவில்லை. இருப்பவற்றை வைத்துச் சொன்னால்: இருக்கைத் திரையில் ஜப்பானையே மறைத்துக்கொண்டு ஒரு குட்டி விமானம் நிற்கும். இரண்டு சாப்பாடு, ஒன்றரைப் படம், ஒரு தூக்கம் முடித்துக் கண் விழித்தால் அது ஜப்பானின் வால் பகுதியை மட்டும் விட்டுக்கொடுத்திருக்கும். நடு சீட்டுக்காரர் எழுந்து போய்வரும் ஒவ்வொரு முறையும் ஓரச் சீட்டுக்காரருக்கு அரை மணி கூடும்.

திரும்பும் பயணத்தில் சிக்கல் வேறு. வெள்ளி இரவு பத்தரைக்கு நியூயார்க்கில் கிளம்பினால் ஞாயிறு விடியலில்தான் சாங்கி. சனிக்கிழமை முழுவதும் ஆகாயத்திலேயே கரைந்துபோகிறது. அந்த வாரத்து எண்ணெய்க் குளியலை ஞாயிறன்று ஈடுகட்டலாமா என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுக்கொள்ளவும்.