ஆளுக்கு எவ்வளவு?

கே: திருவனந்தபுரம் கரமனையில் மூன்று பெண்கள் சேர்ந்து வீடு எடுத்திருக்கிறோம். ஒருத்தியின் அறையில் மட்டும் ஏசி. செலவு பிரிக்கும் ஆப்பில் கரண்ட் பில்லை அவள் சரிசமமாக மூன்றாக்கிவிடுகிறாள். இது நியாயமா?
(ஒரு வாசகி, கரமனை)

ப: நியாயமில்லை. சமமாகப் பிரி என்றால் ஆப் சமமாகத்தான் பிரிக்கும். ஏசி யாருடையது என்று அதற்குத் தெரியாது. கேரள மின்வாரியம் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில் போடுகிறது. மாதம் 250 யூனிட், அதாவது ஒரு பில்லுக்கு 500 யூனிட் வரை, விலை படிப்படியாக ஏறும். முதல் யூனிட்டுகள் மலிவு. 500-ஐத் தாண்டினால் அந்தப் படிகளே கிடையாது. முதல் யூனிட்டிலிருந்து எல்லாவற்றுக்கும் ஏறிய விலைதான். அந்த ஏசி, உங்கள் அறையில் ஓடும் மின்விசிறிக்கும் சேர்த்து விலையை ஏற்றிவிடுகிறது.

ஏசிக்கு ஒரு சப்-மீட்டர் மாட்டுங்கள். பில் வந்ததும் மொத்த யூனிட்டில் ஏசி யூனிட்டைக் கழியுங்கள். மீதி யூனிட்டுக்கு என்ன பில் வந்திருக்கும் என்பதை மின்வாரிய இணையதளத்தில் பில் கணக்கிடும் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். அந்தத் தொகை மூவருக்கும் பொது. அதற்கு மேல் வந்தது முழுவதும் ஏசிக்காரியின் பங்கு. ஆப்பில் ‘சமம்’ என்பதை விட்டு, ஒவ்வொருவர் பெயருக்கும் தொகையை நீங்களே இடும் வசதி இருக்கிறது. பில்லுக்குப் பில் இதைச் செய்தால் மனஸ்தாபம் வராது.

கே: நண்பர்கள் நால்வர் கன்னியாகுமரி போய் வந்தோம். ஆளாளுக்குச் செலவு செய்தோம். யார் யாருக்குத் தருவது என்றே புரியவில்லை.
(ஒரு வாசகர், பாப்பனங்கோடு)

ப: யார் யாருக்கு என்று பார்ப்பதால்தான் குழப்பம். ஒவ்வொருவரும் மொத்தக் கணக்கில் எங்கே நிற்கிறார் என்று மட்டும் பாருங்கள். பெட்ரோல் போட்டவர் 2,000, சாப்பாட்டுக்குக் கொடுத்தவர் 1,200, பத்மநாபபுரம் அரண்மனைக்கும் படகுக்கும் டிக்கெட் எடுத்தவர் 800, நாலாமவர் ஒன்றும் தரவில்லை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 4,000, ஆளுக்கு 1,000. பெட்ரோல்காரருக்கு 1,000 வர வேண்டும், சாப்பாட்டுக்காரருக்கு 200. டிக்கெட்காரர் 200 தர வேண்டும், நாலாமவர் 1,000. இரண்டே பரிமாற்றத்தில் கணக்குத் தீர்ந்தது. எத்தனை பேர் போனாலும், ஆள் எண்ணிக்கையில் ஒன்று குறைத்த அளவுக்கு மேல் பரிமாற்றம் தேவைப்படாது. ஆப் செய்வதும் இதையேதான்.

கே: நான் சைவம். ஹோட்டல் பில்லில் அவர்கள் சாப்பிட்ட மீனுக்கும் எனக்குப் பங்கு போடுகிறார்கள்.
(ஒரு வாசகர், சாலை)

ப: பில் வந்த பிறகு வாதாடாதீர்கள். ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

கே: ஆற்றுகால் பொங்காலைக்கு அரிசி, வெல்லம், பானை எல்லாம் சேர்ந்து வாங்கினோம். ஒருத்தி, தன் பங்கை ஆப்பில் சேர்க்காதே, கையிலேயே தருகிறேன் என்கிறாள்.
(ஒரு வாசகி, கிள்ளிப்பாலம்)

ப: அவள் சொல்வதே சரி. தன் அடுப்பில் தன் காசில் பொங்க வேண்டும் என்பது அவளுடைய வேண்டுதல். ஆட்டோ வாடகையை மட்டும் பிரியுங்கள்.

கே: நண்பர்களுக்குள் கணக்கு எழுதுவது அற்பமாக இல்லையா?
(ஒரு வாசகர், நாகர்கோவில்)

ப: வடகேரளத்தில் வடகரை, நாதாபுரம் பக்கம் பணப்பயற்று என்றொரு வழக்கம் உண்டு. பணமுடை வந்தவர் ஊரை அழைத்துத் தேநீர் கொடுப்பார். வந்தவர்கள் பணம் தருவார்கள். யார் எவ்வளவு தந்தார் என்று நோட்டில் எழுதப்படும். தந்தவர் பின்னொரு நாள் பயற்று நடத்தும்போது அந்தப் பணம் கூடுதலோடு திரும்பும். நோட்டை நம்பித்தான் கல்யாணங்கள் நடந்திருக்கின்றன, வீடுகள் எழுந்திருக்கின்றன. எழுதுங்கள், எல்லார் கண்ணிலும் படும்படி எழுதுங்கள்.

கே: அறை நண்பனுக்கு வேலை போய்விட்டது. ஆப் வாரம்தோறும் அவனுக்கு நினைவூட்டல் அனுப்புகிறது.
(ஒரு வாசகர், நேமம்)

ப: இன்றே நிறுத்துங்கள். வேலை கிடைக்கும்வரை மளிகைப் பங்கில் அவன் பெயரைச் சேர்க்காதீர்கள். அதை மற்றவர்கள் முன்னால் சொல்லாதீர்கள்.

கே: எந்த ஆப் நல்லது?
(ஒரு வாசகி, பூஜப்புரை)

ப: 2011-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஸ்ப்ளிட்வைஸ் பழையது, வசதியானது, ஆனால் இலவசக் கணக்கில் ஒரு நாளில் சில பதிவுகள் மட்டுமே போட முடியும். ஸ்ப்ளீட் என்ற திறந்தமூல வலைச் செயலியில் பதிவு செய்துகொள்ளக்கூட வேண்டாம், பிரவுசரில் திறந்தால் போதும். ஆனால் இணைப்பு கையில் கிடைத்தவர் யாரும் உங்கள் கணக்கைப் பார்க்கலாம், எனவே பெரிய வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். 2025 மார்ச்சில் வந்த பீம் 3.0-விலும் செலவு பிரிக்கும் வசதி இருக்கிறது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். தனிநபருக்குத் தனிநபர் யுபிஐ-யில் பணம் கேட்டு அனுப்பும் கலெக்ட் கோரிக்கை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. உங்கள் பங்கு வந்திருக்கிறது, பின் நம்பர் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று யாராவது சொன்னால் அது மோசடி; பணம் வாங்கப் பின் நம்பர் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் நேரம் கடத்தாமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.