தரைக்கு மேலே பதினெட்டு அங்குலம்

என் முழங்காலுக்கு வயசாகிவிட்டது என்று முதலில் சொன்னது டாக்டர் இல்லை, சுவாமிமலை. அங்கே முருகனைப் பார்க்க 60 படி ஏற வேண்டும். தமிழ் வருஷம் அறுபதுக்கும் படிக்கு ஒன்று. நான் 1959-இல் விகாரி வருஷத்தில் பிறந்தவள். கணக்குப்படி 33-ஆவது படி. சின்ன வயசில் பிரபவவில் கால் வைத்தால் அட்சயவில்தான் மூச்சு விடுவேன். ரிட்டயரான பிறகு விகாரியைத் தாண்டுவதே பெரும்பாடாகிவிட்டது. அன்றைக்குப் பிறந்த வருஷத்திலேயே கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றேன். பின்னால் வந்தவர் என்னைவிடப் பத்து வயசாவது மூத்தவர். "கொஞ்சம் ஒதுங்கிக்கம்மா" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு அட்சயவுக்குப் போய்விட்டார்.

கும்பகோணத்தில் முட்டி வலி என்று வாசலில் நின்று ஒருமுறை சொன்னால் போதும், வைத்தியத்துக்குப் பஞ்சமே இருக்காது. பால்காரர் பிரண்டைத் துவையல் என்றார். எதிர்வீட்டு அக்கா முடக்கத்தான் தோசை என்றார். நான் தொடர்ந்து வாங்குவதைப் பார்த்துக் கீரைக்காரம்மா முடக்கத்தான் கட்டுக்கு விலை ஏற்றியதுதான் அதில் கண்ட பலன். கறிக்கடை பாய் ஆட்டுக்கால் சூப்புக்காக வாதாடினார்: "ஆட்டுக்கு நாலு காலு டீச்சர். எந்த ஆடாவது முட்டி வலிக்குதுன்னு சொல்லிக் கேட்டிருக்கீங்களா?" முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தும் இந்த நிரூபணத்தில் ஓட்டை எங்கே என்று எனக்குப் பிடிபடவில்லை. சூப்பைக் குடித்துவிட்டேன்.

கடைசியில் எக்ஸ்ரே. டாக்டர் அதை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, "ஜவ்வு சுத்தமாத் தேஞ்சு போச்சும்மா. எலும்பும் எலும்பும் உரசுது. இனிமே எண்ணெய் தேச்சா தோல்தான் பளபளப்பா இருக்கும்" என்றார். சமதரையில் நடக்கும்போதே ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் உடம்பு எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு பாரம் இறங்குகிறதாம். படி ஏறி இறங்கினால் இன்னும் கூடுதலாம். என் எடையை மூன்றால் பெருக்கிப் பார்த்தேன். விடையை இங்கே எழுதுவதாக இல்லை.

என் வீட்டுக்காரர் பொதுப்பணித்துறையில் ஓவர்சியராக இருந்தவர். மதகு, கல்பாலம், வாய்க்கால் கரை என்றே காலம் கழித்தவருக்கு என் முழங்கால் ஒரு வேலையாக வந்து சேர்ந்தது. அன்று மாலையே ஒரு ஃபைல் போட்டுவிட்டார். டாக்டரிடம் அவர் கேட்ட முதல் கேள்வி: "இது பழுதுபார்க்கிற கேஸா, இடிச்சுக் கட்டுற கேஸா?" இரண்டு முட்டியும் இடித்துக் கட்டுகிற கேஸ்தான். ஆனால் இருதய டாக்டர் இரண்டையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டாம் என்றுவிட்டார். எதிர்வீட்டு அக்கா ஆறுதல் சொன்னார்: "அதனால என்ன? வாஜ்பாயே ஒவ்வொண்ணாத்தானே மாத்திக்கிட்டார்." உண்மைதான். 2000 அக்டோபரில் இடது, 2001 ஜூனில் வலது, இரண்டும் மும்பை பிரீச் கேண்டி ஆஸ்பத்திரியில். நம் ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு முழங்காலைக் கழற்றி மாட்டலாம் என்கிற விஷயமே அவரால்தான் தெரியவந்தது. நாட்டின் பிரதமருக்குச் செய்தது கும்பகோணத்துக் கணக்கு வாத்தியாருக்கும் செய்யப்படும் என்று நினைத்தபோது உள்ளபடியே கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

அடுத்தது மூட்டு வாங்கும் படலம். ஆஸ்பத்திரியில் அதற்கென்றே ஒரு பெண். மேஜைமேல் ஆல்பத்தை விரித்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். என் வீட்டுக்காரர் பதிலுக்குத் தன் ஃபைலை விரித்தார். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு முழங்கால் மூட்டுகளுக்கு உச்சவரம்பு வைத்த செய்தி, கத்தரித்து ஒட்டியது. ஒன்றரை லட்சத்துக்கு மேலே விற்றுக்கொண்டிருந்த கோபால்ட் குரோமியம் மூட்டு அன்று 54,720 ரூபாய், ஜிஎஸ்டி தனி. அந்தப் பெண் அசரவில்லை. பக்கத்தைப் புரட்டி, "சார், இது கோல்டு நீ" என்றாள்.

படத்தில் முட்டி தகதகவென்று மின்னியது. என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"எத்தனை கேரட்?"

"சார், தங்கம் கிடையாது. டைட்டானியம் நியோபியம் நைட்ரைடுன்னு ஒரு பூச்சு. நிக்கல் அலர்ஜி இருக்கிறவங்களுக்கு நல்லது."

"செய்கூலி சேதாரம்?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். பீரோவில் வைக்க முடியாது, அவசரத்துக்கு அடகு வைக்க முடியாது, கல்யாண வீட்டில் புடவையைத் தூக்கிக் காட்டவும் முடியாது. அப்படி ஒரு தங்கம் எதற்கு? எனக்கு நிக்கலோடு எந்தச் சண்டையும் இல்லை. சாதாரண மூட்டே போதும் என்று கையெழுத்துப் போட்டோம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே மூட்டு மாற்றம் உண்டு என்பதை வரிசையில் எனக்கு முன்னால் இருந்த பூக்காரம்மா சொன்னார். என் வீட்டுக்காரர் ஃபைலில் இல்லாத ஒரே தகவல் அது. இரண்டு நாள் முகம் வாடியிருந்தார்.

ஆபரேஷனுக்கு முன்னால் தூக்கம் வராத ராத்திரிகளில் இந்த மூட்டுகளின் பூர்வீகத்தைப் படித்தேன். இங்கிலாந்தில் ரைட்டிங்டன் என்கிற இடத்தில் ஜான் சார்ன்லி என்று ஒரு டாக்டர். இன்றைய இடுப்பு மூட்டுக்கு அவர்தான் பிதா. முதலில் டெஃப்ளானில் கிண்ணம் செய்து வைத்திருக்கிறார். நம் நான்-ஸ்டிக் தோசைக்கல்லில் பூசுகிற அதே டெஃப்ளான். தோசைக்கல்லில் அது எத்தனை நாள் தாங்கும் என்று எந்த வீட்டுப் பெண்ணைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள்; அவர் கேட்கவில்லை. சில வருஷங்களில் தேய்ந்து பொடியாகிவிட்டது. அப்புறம் விசைத்தறிப் பல்சக்கரத்துக்கான ஒரு புதுப் பிளாஸ்டிக்கை விற்பனையாளர் ஒருவர் கொண்டுவந்தார். சார்ன்லி அதை நகத்தால் கீறிப் பார்த்து, தேறாது என்று போய்விட்டார். அவர் வெளிநாடு போன சமயத்தில் அவருடைய உதவியாளர் அதை மெஷினில் மாட்டி ஓடவிட்டிருக்கிறார். தேயவே மாட்டேன் என்றதாம். 1962 நவம்பரில் அந்தப் பாலிஎத்திலீன் இடுப்புக்குள் ஏறியது. உடம்பு ஏற்குமா என்று பார்க்க மனுஷன் அதைத் தன் தொடைக்குள்ளேயே வைத்துப் பார்த்திருக்கிறார்! இதைவிட எனக்குப் பிடித்தது, நோயாளிகளிடம் இறந்த பிறகு மூட்டைத் திருப்பித் தர வேண்டும் என்று அவர் ஒப்புதல் வாங்கிய செய்தி. எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டாமா? இதை வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. "டெட் ஸ்டாக் ரிஜிஸ்டர்ல ஏத்தியிருப்பாங்க" என்றார்.

ஆபரேஷன் அன்று முதுகுத்தண்டில் ஊசி. இடுப்புக்குக் கீழே நான் இல்லை. மேலே முழுசாக இருந்தேன். தூங்குவதற்கும் ஏதோ கொடுத்தார்கள். மாதாந்தரத் தேர்வு ஹாலில் பழகிய கண் அவ்வளவு சுலபத்தில் மூடாது. திரைக்கு அந்தப் பக்கம் தச்சுப்பட்டறை நடந்துகொண்டிருந்தது. ரம்பம், துளை போடும் சத்தம், அப்புறம் சுத்தியல். பின்னணியில் இளையராஜா. சுத்தியல் மட்டும் தாளத்தில் விழவே இல்லை. ஒவ்வொரு அடியும் அரை எண்ணிக்கை தள்ளித் தள்ளி விழுந்து எனக்குத் தலைவலியே வந்துவிட்டது. "டாக்டர், ஒண்ணு பாட்டை நிறுத்துங்க, இல்லேன்னா சமத்துல அடிங்க" என்று சொன்னேனாம். எனக்கு நினைவில்லை. நர்ஸ் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள்.

மூட்டை எலும்போடு ஒட்டுவது போன் சிமென்ட். சிமென்ட் என்ற சொல்லைக் கேட்டதுமே வெளியே ஒருவர் எழுந்து நின்றிருக்கிறார். "கியூரிங் எத்தனை நாள் டாக்டர்? சாக்கு நனைச்சுப் போட வேண்டாமா?" பத்துப் பதினைந்து நிமிஷத்தில் இறுகிவிடும், இன்றைக்கே நடக்க வைப்போம் என்று டாக்டர் சொன்னதை அவர் கடைசிவரை நம்பவில்லை. மாலையில் நான் வாக்கரைப் பிடித்து எழுந்து நின்றபோது எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அவர் மட்டும் முட்டியில் விரிசல் விடுகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சிமென்ட் பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட், அதாவது என் மாமியாரின் பல்செட்டுக்குச் சொந்தக்காரச் சரக்கு. எப்படியும் மாமியார் உறவு விடாது போலிருக்கிறது.

டாக்டர் வேலை ஒன்றரை மணி நேரம். அதற்கப்புறம் எல்லாம் பிசியோதெரபி. நல்ல உயரமாய் ஒரு பையன் உள்ளே வந்து, "டீச்சர், வணக்கம். தெரியுதா? ஏழாம் வகுப்பு பி பிரிவு" என்றான். தெரியாமல் என்ன? வீட்டுப்பாடம் எழுதாமல் வந்து எழுதியதாகச் சத்தியம் செய்கிறவன்.

"நீங்க என்னை வராண்டாவுல முட்டி போட வைப்பீங்க டீச்சர். அப்பவே முட்டி மேல ஒரு அக்கறை வந்துடுச்சு" என்றான். குரலில் துளிக்கூடக் கோபம் இல்லை. அதுதான் வயிற்றைக் கலக்கியது.

பையிலிருந்து ஒரு பெரிய பிளாஸ்டிக் கோணமானியை எடுத்தான். கோணமானியை எப்படிப் பிடிப்பது என்று அவனுக்குக் கைபிடித்துச் சொல்லிக் கொடுத்ததே நான். அதன் மையத்தை என் முட்டியின் பக்கவாட்டில் வைத்து, ஒரு கையைத் தொடையோடும் ஒரு கையைக் கணுக்காலோடும் பொருத்தினான். "காலை நீட்டுங்க. சரி, ஜீரோ டிகிரி."

"ஜீரோவா? நேர்க்கோட்டுக் கோணம் எவ்வளவுடா?"

"நூத்தி எண்பது டீச்சர். ஆனா எங்க படிப்புல நேரா இருந்தா ஜீரோ. மடக்க மடக்கத்தான் ஏறும்."

"அப்படின்னா நீ அளக்கிறது வெளிக்கோணம்."

"எதுவா இருந்தாலும் தொண்ணூறு வந்தாத்தான் டிஸ்சார்ஜ்" என்று சொல்லிக்கொண்டே கணுக்காலை மெல்லப் பின்னால் தள்ளினான். வடிவியல் விவாதம் அத்தோடு முடிந்தது. அந்த வலியை விவரிக்கப் போவதில்லை. பக்கத்து அறை நோயாளி தன் ஆபரேஷன் தேதியைத் தள்ளிப்போட்டுவிட்டார் என்பதை மட்டும் சொல்கிறேன். "டீச்சர், இன்னும் அஞ்சு டிகிரிதான். நேத்து சொன்னதைச் செஞ்சீங்களா?" செய்தேன் என்று சத்தியம் செய்தேன். அவன் கோணமானியை வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சிரித்தான்.

படி ஏறவும் அவன்தான் சொல்லிக் கொடுத்தான். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கெட்ட கால் முதலில். நல்லவர்கள் மேலே போவார்கள், கெட்டவர்கள் கீழே போவார்கள் என்று ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். முதல் தடவை இது சுலபம். சில மாதங்கள் கழித்து இடது முட்டியையும் மாற்றிய பிறகு மாடிப்படியின் அடியில் நின்று யோசிக்க வேண்டியதாயிற்று. இரண்டில் இப்போது எவன் நல்லவன்?

வீட்டுக்கு வந்த பிறகுதான் நாம் எவ்வளவு தூரம் தரையில் வாழ்கிற ஜாதி என்று தெரிந்தது. அரிவாள்மனை தரையில். பூஜை தரையில். பேரனுக்குச் சோறு ஊட்டுவது தரையில். டிவி பார்க்கச் சோபா இருந்தும் அதில் சாய்ந்துகொண்டு தரையில்தான். எனக்கோ சம்மணம் கூடாது, குந்தக் கூடாது. வீட்டுக்காரர் டேப்பும் கையுமாக இறங்கி நாற்காலி, கட்டில், புதுசாக வைத்த வெஸ்டர்ன் டாய்லெட் எல்லாவற்றையும் தரைக்கு மேலே பதினெட்டு அங்குலத்துக்குக் கொண்டுவந்தார். அந்த மட்டத்திலிருந்து பார்த்தால் சொந்த வீடே வேறாகத் தெரிகிறது. பெஞ்சுக்கு அடியில் இத்தனை ஒட்டடையா!

இந்தச் சமயத்தில்தான் நாத்தனார் வந்து சேர்ந்தார். பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டவர், அக்காவைத் தம்பி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. இடுப்புக்காரர்களுக்கு வலி சீக்கிரம் போய்விடும். அந்தத் திமிர் அவரிடம் நிறையவே இருந்தது. "நான் எல்லாம் மறுநாளே ஜம்முனு நடந்தேன்" என்பார். ஆனால் அவருக்கு வேறு சட்டம். டாக்டர் சொல்கிறவரை குனியக் கூடாது, காலைக் குறுக்கே போடக் கூடாது, படுத்தால் இரண்டு காலுக்கும் நடுவே தலையணை. நான் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் சொன்னேன்: "அண்ணி, 2019-இல் லான்செட் பத்திரிகையில ஒரு ஆராய்ச்சி வந்திருக்கு. 25 வருஷம் கழிச்சும் நூத்துக்கு 82 முழங்கால் நல்லா இருக்காம். இடுப்பு 58-தானாம்." அவர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "உனக்கு மாத்தினது ரெண்டு. ரெண்டும் சேர்ந்து தாங்கணுமே" என்றார். எனக்கு நிகழ்தகவு தெரியும். 67. அப்போதும் நான்தான் முன்னால் என்பதை அவரிடம் சொல்லாமல் விட்டேன். அவர் வீட்டுக்கு வந்த விருந்தாளி.

உண்மையில் எங்கள் இருவரையும் சேர்த்தால் ஒரு முழு ஆள் தேறும். கோலம் போட முட்டியே வேண்டாம், இடுப்பை வளைத்தால் போதும். அது என் பங்கு. நான் வளைத்துப் போடுவேன், அவர் நிமிர்ந்து நின்று இழை கோணல் என்பார்.

போன வாரம் ராத்திரி அவருடைய பிரஷர் மாத்திரை கை தவறிக் கட்டிலுக்கு அடியில் உருண்டுவிட்டது. அட்டையில் அதுதான் கடைசி. அவர் குனிய முடியாது. கட்டிலுக்கு அடியில் நுழைய வேண்டுமென்றால் மண்டி போட வேண்டும், எனக்கு அது ஆகாது. இரண்டு பேரும் வாக்கரும் கைத்தடியுமாக மாத்திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். "என்ன, ரெண்டு பேரும் மாநாடு போட்டிருக்கீங்க? தள்ளுங்க" என்று வந்தார் என் வீட்டுக்காரர். வேட்டியை மடித்துக் கட்டி, மண்டியிட்டு, டார்ச் அடித்து, மாத்திரையை எடுத்தும் கொடுத்துவிட்டார். எழுந்திருக்கும்போது வலது முட்டியில் 'மடக்'கென்று ஒரு சத்தம். எங்கள் இருவருக்கும் நன்றாகப் பழக்கமான சத்தம். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னடா தம்பி, எழுந்திரு" என்றார் அண்ணி.

"இரு, அவசரம் என்ன?" என்று டார்ச்சைத் தரையில் படுக்க வைத்து அடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "இந்தப் பக்கம் வாட்டம் சரியா இருக்கான்னு ரொம்ப நாளா ஒரு சந்தேகம்."