ஆடிக் காற்றும் காலில்லா ரெசிஸ்டரும்: அல்லிநகரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

மின்னணு உதிரிப்பாகங்களை நூல்கள் எப்படி வகுத்தாலும் கடைத்தெரு வகுப்பது இரண்டே: கால் உள்ளவை, கால் இல்லாதவை. கால் உள்ளது போர்டின் துளைக்குள் நுழைந்து மறுபக்கம் ஈயம் பெறும். கால் இல்லாத எஸ்.எம்.டி., செம்புத் தடத்தின் மேலேயே குந்திவிடும். பொழுதுபோக்காகச் சர்க்யூட் செய்பவர் எதை வாங்குவது என்ற வினாவுக்குச் சொல்லப்படும் விடைகள் விலை, இடம், வேகம் என்றே சுற்றுகின்றன. காற்றை யாரும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. அக்குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை. ஆய்வுக்களம் தேனியின் அல்லிநகரம். கருவிகள்: 25 வாட் சால்டரிங் அயர்ன் ஒன்று, ட்வீசர் ஒன்று, துடைப்பம் ஒன்று.

முதலில் அளவு. 0402 எனப்படும் ரெசிஸ்டர் 1 மி.மீ. நீளம், அரை மி.மீ. அகலம். போடியில் ஏலக்காயைச் சலித்து 8 மில்லி காய்க்குக் கூடுதல் விலை வைக்கிறார்கள். இதுவோ அக்காய்க்குள் கிடக்கும் ஏலரிசியைவிடச் சிறியது. எடை ஒரு மில்லிகிராமை எட்டாது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது முதுமொழி. பத்துக் கிலோ அம்மிக்கு ஈடாக எதிர்த்தட்டில் ஒரு கோடிக்கு மேற்பட்ட 0402-களை வைக்க வேண்டும். அம்மியே பறக்குமாயின் தனியொரு 0402-இன் கதி என்ன என்பதை வாசகரே பெருக்கி அறியலாம்.

இது வெறும் கற்பனை அன்று. தென்மேற்குப் பருவக்காற்று மலை இடைவெளிகளில் புகுந்து வருவதால்தான் தேனி மாவட்டத்தில் காற்றாலைகள் சுழல்கின்றன. ஜன்னலைச் சாத்தலாமே என்பார் உண்டு. சாத்தினால் ஃபேன் வேண்டும். ஃபேன் போட்டால் மறுபடியும் காற்று. இரண்டையும் நிறுத்தினால் நெற்றி வியர்வை போர்டில் சொட்டும். அந்நேரம் பார்த்து அடுப்படியில் வரமிளகாய் தாளித்தால் ஆய்வு அத்தோடு முடிந்தது. ஒரு தும்மல் போதும்.

கீழே விழுந்தபின் மொசைக் தரையின் சதி தொடங்கும். கறுப்புப் புள்ளிகளுக்கிடையே ரெசிஸ்டர் ஒளிந்துகொள்ளும், பழுப்புப் புள்ளிகளுக்கிடையே கெப்பாசிட்டர். தேடிப் பிடித்தாலும் எஸ்.எம்.டி. செராமிக் கெப்பாசிட்டரின் மேல் எழுத்தே இராது. மீட்டர் வைத்து அளந்தால்தான் அது இன்னதென்று தெரியும். கால் உள்ள பாகம் விழுந்தால் இந்தத் தொல்லை இல்லை. அதை நம் காலே கண்டுபிடித்துவிடும்.

காற்று கருவியிலிருந்தும் வரும். ஹாட் ஏர் கருவி உள்ளவர்கள் அதை வைத்து ஒட்டும்போது இரு முனை ஈயமும் ஒரே சமயத்தில் உருகாவிட்டால், முந்தி உருகிய பக்கத்தின் பரப்பு இழுவிசை பாகத்தை அப்படியே தூக்கி நிறுத்திவிடும். இதை நடுகல் நிலை என வகைப்படுத்துகிறோம். இம்மாவட்டத்துக்கு நடுகல் புதிதல்ல. ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகற்கள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று ஆநிரை கவரும் ஆகோள் பூசலில் இறந்தவனுக்கு நட்டது. போர்டில் வீழ்ந்தது ஒரு 10 கே ரெசிஸ்டர். அதற்கும் 103 என்று எழுத்துப் பொறிப்பு உண்டு.

எதிர்த்தரப்பையும் கேட்போம். வீட்டிலேயே ஃபெர்ரிக் குளோரைடில் போர்டு அரிப்பவருக்கு எஸ்.எம்.டி. பெரிய வரம். துளையே போட வேண்டாம், 0.8 மி.மீ. ட்ரில் பிட்டை முறித்துவிட்டு அடுத்ததைத் தேட வேண்டாம். பாகமும் தடமும் ஒரே பக்கம் இருப்பதால், ஐசியின் கால்களை இடவலம் மாற்றி வரைந்துவிடும் பழம்பெரும் பிழைக்கும் இடமில்லை. மேலும் பிஎம்இ280 போன்ற சென்சார்கள் காலோடு பிறப்பதே இல்லை. பின் வைத்த மாடியூலாக வாங்கி, கால் உண்டென்று நம்மை நாமே தேற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் ஐசி புகைந்தபின் பாருங்கள். ஆர்டுயினோ ஊனோ போர்டு இரண்டு விதமாகவும் வந்தது. சாக்கெட்டில் நிற்கும் 28 கால் ஐசி புகைந்தால், நெம்பி எடுத்துப் புதிதைச் செருகி, பூட்லோடர் ஏற்றினால் வேலை முடிந்தது. எஸ்.எம்.டி. வகையில் 32 முனைகளையும் ஒருசேர உருக்கி எடுக்க வேண்டும். செல்போன் சர்வீஸ் பையனிடம் மைக்ராஸ்கோப்பும் ஹாட் ஏரும் உண்டு. அவனுக்கு அது ஐந்து நிமிட வேலை. நம்மிடம் இருப்பதோ 25 வாட் அயர்ன். பெரும்பாலும் போர்டே குப்பைக்குப் போகும். இக்காரணம் ஒன்றே, காற்றை மறந்துவிட்டாலும், கற்றுக்குட்டியைக் கால் பக்கம் நிறுத்தும்.

ஆகவே அல்லிநகரத்துக்கு இவ்வாய்வின் தீர்ப்பு: ஆனி பிறந்து ஆவணி முடியும்வரை கால் உள்ளவை மட்டும். புரட்டாசி முதல் எஸ்.எம்.டி. தொடலாம், அதுவும் 1206, 0805 அளவுகளில். 0402 எம்மாதத்துக்கும் ஆகாது. 0603 ஆர்டர் போடுவோர் அது அங்குலக் கணக்கா, மில்லிமீட்டர் கணக்கா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டவும். மில்லிமீட்டர் கணக்கில் 0603 என்பது 0.6-க்கு 0.3 மி.மீ.