கேடயக் குமிழ் விசாரம்

ரோமாபுரிப் போர்வீரன் அணிந்த கவசத்தையும் ஏந்திய கேடயத்தையும், அவன் மாண்டு பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு மேல் கழிந்தபின், அவனுக்கு எவ்வகையிலும் உறவாகாத ஒருவன், வாரநாள்களில் அலுவலுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் சுத்தியலுக்கும் அடிமையாகி, வீட்டுப் பின்புறக் கொட்டகையில் தகடும் தோலும் பித்தளையும் கொண்டு பிரதி செய்து பார்க்கும் வித்தை, மேல்நாடுகளில், சிறப்பாக இங்கிலாந்தில், வேரூன்றி நிற்கிறது. 1972-இல் தோன்றிய எர்மைன் ஸ்ட்ரீட் கார்டு சங்கத்தார் இத்துறையின் மூத்த குடியினர். இத்துணைச் சீரிய வித்தைக்கு இதுகாறும் ஒரு லட்சண கிரந்தம் இல்லையே என்னும் குறையை நீக்கவும், வேறெவரும் இப்பாரத்தைச் சுமக்க முன்வராமையாலும், இங்கிலாந்தின் மழையில் ஒழுகும் கொட்டகையொன்றுக்கு உரியவனாகிய யாம் இதனை இயற்றத் துணிந்தோம்.

1. பெயர்

ஆராய்ச்சி பெயரில் தொடங்கிப் பெயரிலேயே முடிவதுதான் மரபு. இரும்புப் பட்டைகளை அடுக்கிச் செய்த கவசத்துக்கு ‘லோரிக்கா செக்மெண்டாட்டா’ என்று பெயர். ரோமானியர் இதை எப்பெயரால் வழங்கினரோ, இப்பெயரால் வழங்கவில்லை. இது பதினாறாம் நூற்றாண்டுப் பண்டிதர்கள் சூட்டியது. பாட்டன் இறந்து பல தலைமுறைக்குப் பின் அவருக்கு நாமகரணம் செய்துவைத்து, அந்நாமத்தைப் பிழையாக உச்சரித்தவனைப் பந்தியிலிருந்து எழுப்பிவிடும் குடும்பம் ஒன்று உண்டாயின், அது பண்டிதருலகமே.

2. வகை

கவசம் மூவகைப்படும். வளையக் கவசம்: ஒவ்வொரு வளையமும் நான்கு வளையங்களைப் பற்றி நிற்பது, இதைத் தொடங்கியவர் பலர். செதிற் கவசம்: மீன் அறியும். பட்டைக் கவசம்: மேலே கூறப்பட்டது, கீழும் கூறப்படும்.

3. பிரமாணம்

பிரத்தியட்சம், அநுமானம், சப்தம் எனப் பிரமாணம் மூன்று. 1964-இல், ஹேட்ரியன் சுவரை அடுத்த கார்பிரிட்ஜில், ஒரு பெட்டிக்குள் துருவேறிய பட்டைகள் கிடைத்தன, லண்டன் கோபுரத்து ஆயுதசாலையைச் சேர்ந்த ரஸ்ஸல் ராபின்சன் அவற்றை ஆராய்ந்து, தம் கையாலேயே கவசமாகச் செய்தும் காட்டினார், இது பிரத்தியட்சம். கி.பி. 113-இல் ரோமில் எழுந்த டிராஜன் ஸ்தம்பத்துச் சிற்பங்களில், அதே கவசம் பட்டுச் சட்டைபோல் வீரர் உடலோடு ஒட்டிக் கிடக்கிறது, கல்லில் அழகாக இருக்கும் அதைப் பார்த்துத் தகட்டை வெட்டியவன் கையைத் தூக்க இயலாமல் நின்றான், இது அநுமானம். சப்தம் என்பது கொட்டகையிலிருந்து எழுவது. அண்டை வீட்டார் அதனை நன்கறிவர்.

4. குமிழ்

இனி நூலின் உயிர்நிலைக்கு வருவோம். கேடயத்தின் நடுவே, உட்புறக் கைப்பிடியைப் பற்றும் விரல்களுக்கு இடம்விட்டுத் துளையிட்டு, அவ்விரல்களைக் காக்க வெளிப்புறத்தில் பொருத்தும் உலோகப் புடைப்பே குமிழ் எனப்படும். இத்துறையார் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பொருள்கள் இரண்டு. ஒன்று, சிரியா நாட்டின் யூப்ரட்டீஸ் கரையில், டூரா யூரோப்பஸ் என்னும் பாழ்நகரில் கிடைத்து, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடம் சேர்ந்த கேடயம். மரச் சிம்புகளை மூன்றடுக்காகக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டி, தோல் போர்த்தி, அதன்மேல் கழுகும் சிங்கமும் தீட்டியது. அதற்குக் குமிழ் இல்லை. மற்றொன்று, வட இங்கிலாந்தின் டைன் ஆற்றில் 1867-இல் கிடைத்து, லண்டன் பிரிட்டிஷ் மியூசியம் சேர்ந்த வெண்கலக் குமிழ்; நடுவே கழுகும், மூலைக்கொன்றாக நான்கு பருவங்களும், காளையும் பொறித்தது. அதற்குக் கேடயம் இல்லை.

வரன் ஓர் ஊரிலும் வது ஓர் ஊரிலுமாக இவ்விரண்டும் கண்ணாடிப் பேழைகளுக்குள் வாடியிருக்க, காலப் பொருத்தமும் தேசப் பொருத்தமும் இல்லையென்று பண்டிதர்கள் ஜாதகத்தைத் திருப்பித் தந்துவிட, எம்போன்ற கொட்டகைத் தரகர்களே ஒரு பலகையில் இரண்டின் பிரதிகளையும் சேர்த்து, நான்கு ஆணியால் முடிச்சிட்டு மணம் நடத்தி வைக்கிறோம். இது அதர்மம் என்பது பூர்வபட்சம். ஓட்டையோடு ஒரு கேடயத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு நாள் தர்மம் பேசுவது என்பது சித்தாந்தம்.

குமிழைச் செய்யும் முறையில்தான் உலகம் இரண்டுபட்டது. தகட்டை மணல்மூட்டையின்மேல் வைத்து உட்புறத்தைத் தட்டிக் குழிப்பது உள்ளடிச் சம்பிரதாயம். முளைமேல் கவிழ்த்து வெளிப்புறத்தைத் தட்டி எழுப்புவது வெளியடிச் சம்பிரதாயம். எவ்வழி தட்டினும் பித்தளை இறுகும். இறுகியதைச் செந்தழலில் காய்ச்சி ஆற்றிப் பதப்படுத்தாமல் மேலும் தட்டினால் வெடிக்கும். இவ்வளவில் இரு சாராரும் உடன்பாடே. ஆயின் முதலடி எங்கே விழவேண்டும் என்பது பற்றிக் ‘குமிழ் சூத்திரம்’ மௌனம் சாதிக்க, அம்மௌனத்துக்கு ‘சுத்தியற் பிரகாசிகை’ என்னும் உரை எழுந்து நடுவில் என்றது. அதை மறுத்துப் ‘பிரகாசிகா கண்டனம்’ ஓரத்தில் என்றது. அதனை மறுத்துப் ‘பிரகாசிகா கண்டன கண்டனம்’, அதன் ஆசிரியரின் ஆசிரியரை இகழ்ந்து ‘பிரகாசிகா கண்டன கண்டன முகச்சபேடிகை’, அச்சபேடிகைக்கு அச்சுப்பிழை திருத்தம் மட்டும் இருநூறு பக்கத்தில் ‘சபேடிகா பரிசுத்தி’ என இவை வரிசையாகத் தோன்றின. மூலச்சுவடியின் மூன்றாம் ஏடு செல்லரித்துவிட்டது. விடை அவ்வேட்டில்தான் இருந்தது என்பதில் மாத்திரம் இரு சாராரும் ஒருமனப்பட்டனர். எம்முடைய முதலடி எம் இடக்கைக் கட்டைவிரலில் விழுந்தது. இதனை எந்த உரையும் கூறவில்லை.

டைன் ஆற்றுக் குமிழின் ஓரத்தில் மற்றொரு செய்தி உண்டு. யூலியஸ் மாக்னஸ் என்னும் நூற்றுவர் தலைவனின் கீழ், எட்டாம் அகஸ்டா படையணியில் பணிபுரிந்த யூனியஸ் டுபிடாட்டஸ் தன் பெயரைப் புள்ளி புள்ளியாகக் குத்தி வைத்திருக்கிறான். நம் வீட்டுப் பெண்டிர் சீர்வரிசைக் குடத்திலும் செம்பிலும் பெயர் வெட்டிக்கொள்வதை அறிந்தவர்க்கு இதன் உட்பொருளை விளக்க வேண்டுவதில்லை. கலியாண வீட்டில் சொம்பு மாறும். பாசறையில் கேடயம் மாறும். சம்பளத்தில் பிடித்தம் செய்து வாங்கிய பொருளை எவன் விட்டுக்கொடுப்பான்? ஆறு கொண்டுபோன பின்னும் அது தன்னுடையதே என்று அவன் சாதித்துக்கொண்டிருக்கிறான்.

டுபிடாட்டஸ் என்னும் லத்தீன் சொல்லுக்கு ஐயுறப்பட்டவன் என்று பொருள். ஆராய்ச்சி உலகம் குலதெய்வம் தேடுமாயின் இவனையன்றி எவனை வரிப்பது? ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. இவன் ஐயத்தைத் தன் பெயரில் வைத்துக்கொண்டு, தன் பொருளில் தன் பெயரைத் தெளிவாகப் பொறித்தான். நம் பண்டிதரோ பிறர் தோண்டிய பொருளில் தம் பெயரைத் தெளிவாகப் பொறித்துவிட்டு, ஐயத்தைப் பிறர் பெயரில் எழுதிவைக்கிறார்.

5. கீல்

கார்பிரிட்ஜ் கவசத்தின் தோள்பட்டைகளை இணைப்பவை சிறு பித்தளைக் கீல்கள். பூவிதழ்போல் வளைந்து, காண இனியவை. மெல்லிய பித்தளையாதலின் முறியும். இரும்பின்மேல் பித்தளை அமர்ந்த இடத்தில் ஈரம் புகுந்தால் இரும்பைத் துரு தின்னும். இந்த அழகைப் பராமரித்து அலுத்தார்கள் போலும். ஸ்காட்லாந்தின் நியூஸ்டெட்டில் கிடைத்த பிற்காலக் கவசத்தில் இத்தகைய பொருத்துகள் குறைந்து அமைப்பு எளிதாயிற்று.

யாம் அவ்விதழ்களை மூன்று வாரம் அரத்தால் ராவி, அளவு பார்த்து, ஏழு நூல்களோடு ஒப்பிட்டுப் பொருத்தினோம். மூன்றாம் முறை அணிந்தபோது, தும்மலில் ஒரு கீல் முறிந்தது. மறுநாள் காலை பலர்முன் கவசம் பூண்டு நிற்கவேண்டிய நெருக்கடி. நள்ளிரவில், எந்த நூலையும் திறவாமல், கீலைப் பிடுங்கியெறிந்து, இரண்டு பட்டைகளையும் நேராகச் சேர்த்து இரண்டு ஆணி அறைந்தோம். அவ்விடத்தை எவரும் பாராவண்ணம் நாள் முழுதும் ஒருபக்கமாகவே திரும்பி நின்றோம்.

பின்னொருநாள் கார்பிரிட்ஜ் பெட்டியைப் பற்றிய விவரங்களைப் படிக்கையில், அங்கும் கீல் முறிந்த சில இடங்களில், எவனோ ஒரு ரோமானியன் புதுக்கீலுக்கு மெனக்கெடாமல், பட்டைகளை நேராகச் சேர்த்து ஆணி அறைந்துவிட்டுப் போயிருப்பதைக் கண்டோம்.

எம் கவசம் முழுவதிலும் ரோமானியம் என்று ஐயமின்றிச் சொல்லத்தக்கவை அவ்விரண்டு ஆணிகளே. அவற்றின்மேல் பெயர் குத்த இடமில்லை.