வைப்பர் சீட்டு: சட்டமும் பசையும் குறித்த ஓர் ஆராய்ச்சி

திருநெல்வேலி டவுன் கீழ ரத வீதியில் அந்தி சாயும் நேரம் காரை ஓரங்கட்டிவிட்டு அல்வாக் கடை வரிசையில் போய் நிற்பவர், பொட்டலத்தோடு திரும்பும்போது முன்கண்ணாடியில் வைப்பருக்கு அடியில் ஒரு காகிதத்தைக் காண நேரலாம். அது அச்சடித்ததாக இருந்தால் கவலை இல்லை. டியூஷன் சென்டராக இருக்கும், இல்லையென்றால் ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடி. கசக்கிப் போட்டுவிட்டுக் கிளம்பலாம். கையால் எழுதியதாக இருந்தால்தான் சங்கடம். "வண்டிய இப்படி விட்டா அடுத்தவன் எப்படிவே எடுப்பான்?" என்று அதில் இருக்கும். படித்தவர் முதலில் சுற்றுமுற்றும் பார்ப்பார். பிறகு வண்டியை ஒரு பிரதட்சணம் வந்து, எங்காவது கீறியிருக்கிறானா என்று தடவிப் பார்ப்பார். கீறல் இல்லை என்று தெரிந்ததும் கோபம் தணிய வேண்டும், மாறாக, கூடும். "என் வண்டியத் தொட இவன் யாரு?"

இக்கட்டுரை அந்தக் கேள்வியை அதற்குரிய கனத்தோடு எடுத்துக்கொள்கிறது. நிறுத்திய வண்டியில் சீட்டு வைப்பது சேதம் விளைவித்தலா, அன்றா என்பது ஆராயற்பாலது.

சட்டத்துக்குப் போகுமுன் மரபைப் பார்ப்பது முறை. சீவலப்பேரிக்குப் பக்கத்தில் மருகால்தலை என்று ஓர் ஊர். அங்குள்ள குகைத்தளத்தில் 1906இல் தமிழி எழுத்துக் கல்வெட்டு ஒன்று கண்டறியப்பட்டது. இந்தக் கற்படுக்கை இன்னார் செய்வித்துக் கொடுத்தது என்பதே அதன் சாரம். ஆக, ஒருவர் ஒதுங்குகிற இடத்துக்கு நேர்மேலே இது யாருடைய தயவு என்று எழுதிவைக்கும் பழக்கம் இந்தத் தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையது. பிற்காலக் கோயில் கல்வெட்டுகள் அதோடு நிற்கவில்லை. இந்தத் தர்மத்துக்கு ஊறு செய்தவர்கள் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவார்கள் என்று எச்சரித்து முடிப்பது அவற்றின் வழக்கம்; அதற்கு ஓம்படைக் கிளவி என்று பெயர். வீட்டு கேட்டில் இன்று தொங்கும் 'இங்கு வாகனங்களை நிறுத்தாதீர், மீறினால் காற்று பிடுங்கப்படும்' என்ற தகரப் பலகை அந்த ஓம்படைக் கிளவியின் நேர் வாரிசு. பாவத்தின் கனம் குறைந்திருக்கிறது. பலன் கிடைக்கும் வேகம் கூடியிருக்கிறது.

இனிச் சட்டம். 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 425ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 324ஆம் பிரிவாக மறுபிறவி எடுத்திருப்பது 'சேதம் விளைவித்தல்' குற்றம். அடுத்தவருக்கு நட்டம் வரும் என்று தெரிந்தே அவர் பொருளை அழிப்பதும், அதன் மதிப்போ பயனோ குறையும்படி மாற்றுவதும் இதில் அடங்கும். சட்டம் எழுதியவர்கள் உதாரணங்களும் கொடுத்திருக்கிறார்கள். அடுத்தவர் ஐஸ் கிடங்குக்குள் தண்ணீரைத் திறந்துவிடுவது ஒன்று. அடுத்தவர் வயலில் மாட்டை இறக்கிவிடுவது ஒன்று. அடுத்தவர் மோதிரத்தை வேண்டுமென்றே ஆற்றில் எறிவது இன்னொன்று. ஐஸ் கிடங்கை விட்டுவிட்டால் மற்ற இரண்டும் தாமிரபரணிக் கரைக்காரருக்கு விளக்கம் தேவைப்படாதவை. குறுக்குத்துறைப் படித்துறையில் மோதிரம் விழுந்தால் விழுந்ததுதான். வைப்பர் சீட்டு அப்படியல்ல. எடுத்துப் போட்டால் கார் பழையபடி கார்தான். மதிப்பில் ஒரு பைசா குறையவில்லை. காருக்கு இல்லாவிட்டாலும் கார்க்காரருக்கு மதிப்புக் குறைந்ததே எனின், அற்றன்று. சட்டம் சொல்வது பொருளின் மதிப்பை. ஆளின் மதிப்பை அன்று.

இதற்கும் மேல் ஒரு பாதுகாப்பு உண்டு. பழைய சட்டத்தின் 95, புதியதன் 33: சாதாரண அறிவும் சாதாரண குணமும் உள்ள எவரும் முறையிட மாட்டாத அளவு அற்பமான தீங்கு குற்றமே ஆகாது. நல்ல பிரிவு. ஆனால் சாதாரண குணம் உள்ளவரை எந்த ஊரில் தேடுவது? நெல்லைக்காரர் ஒருவர் ரத வீதியில் வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அவர் குணத்தை அளந்தால், அவர் தேறமாட்டார். நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்து மக்கள் வேண்டுமானால் தேறுவார்கள். அங்கே வலசை வரும் பறவைகள் ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டுகின்றன; மேலிருந்து விழுவதை எல்லாம் ஊரார் பொறுத்துக்கொள்வதோடு, பறவை வருவதை நல்ல சகுனமாகவும் நினைக்கிறார்கள். கார் பெயிண்டைப் பறவை எச்சம் அரிக்கும், காகிதம் அரிக்காது. ஆனாலும் காக்கை மீது புகார் கொடுக்கப் போகிறவர் இல்லை. காரணம், காக்கை எழுதுவதில்லை.

அடுத்து, பொதுமக்கள் கண்ணில் படும் இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்கும் 1959ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம். இது கட்டடம், சிலை, தூண், சுவர், வேலி, மரம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து, கடைசியில் மனிதன் செய்த எதையும் உள்ளே இழுத்துக்கொள்ளும்படி ஒரு சொல்லைப் போட்டு முடிக்கிறது. கார் அதில் அடங்குமா? ஓடும் கார் அடங்காது என்று சொல்லிவிடலாம். பொங்கலுக்கு நிறுத்தி ஆடி பிறந்தும் நகராமல், சக்கரத்தடியில் அருகம்புல் முளைத்து, மேலே தூசு படிந்து நிற்கும் கார் கிட்டத்தட்டச் சுவர்தானே என்று ஒரு வழக்கறிஞர் வாதாடினால், நீதிபதி உடனே மறுக்க முடியாது. நெல்லையப்பர் தேரே வருடத்துக்கு ஒரு முறை ஆனியில் நகர்கிறது. சில கார்கள் தேர் பார்த்துப் பொறாமைப்படும் அளவுக்கு நிலையில் நிற்கின்றன. வடம் பிடிக்க ஆள்தான் இல்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஆம் பிரிவையும் கடந்துதான் போக வேண்டும். நிற்கும் வண்டிக்குள் அனுமதியின்றி ஏறுவதும், அதை நகர்த்துவதும், பிரேக்கையோ இயந்திர உறுப்புகளையோ நோண்டுவதும் தவறு. வைப்பர் இயந்திர உறுப்பு என்பதில் ஐயமில்லை. அதை இரண்டு விரலால் லேசாகத் தூக்குவது நோண்டலா என்பதே கேள்வி. நியாயமான காரணம் இருந்தால் மன்னிப்பு உண்டு என்று பிரிவே சொல்வதால், தூக்கியவர் தன் வண்டி உள்ளே சிக்கிக் கிடக்கிறது என்று காட்டினால் போதும்.

கண்ணாடி விவகாரம் சற்று நுட்பமானது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100ஆம் விதிப்படி முன், பின் கண்ணாடிகள் 70 சதவீத வெளிச்சத்தையும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீத வெளிச்சத்தையும் உள்ளே விட வேண்டும். 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் கருப்புப் படலம் ஒட்டுவதற்குத் தடை விதித்ததும் இந்த விதியை வைத்துத்தான். சீட்டு வைத்தவரை மடக்க நினைக்கும் கார்க்காரர், நீ வைத்த நோட்டுத் தாள் என் கண்ணாடியின் ஒளி ஊடுருவலைக் குறைத்துவிட்டது என்று இங்கே ஒரு கொக்கி போடலாம். ஆனால் கீழ ரத வீதியில் இந்தக் கொக்கி வழுக்கும். அங்கே எழுதக் கிடைக்கும் தாள் பெரும்பாலும் அல்வா மடித்த தாள், நெய் ஊறியது. நெய் ஊறிய தாள் ஒளியை உள்ளே விடும். ஜெர்மன் விஞ்ஞானி பன்சன் 19ஆம் நூற்றாண்டில் தாளில் எண்ணெய்ப் பொட்டு வைத்து, அதை இரண்டு விளக்குகளுக்கு நடுவே நகர்த்தி ஒளியின் அளவை ஒப்பிட்டது இதே தத்துவத்தில்தான். ஆகவே அல்வாத் தாளில் எழுதிய சீட்டு மற்றெந்தத் தாளையும் விட விதிக்கு நெருக்கமானது. அதில் பேனா மை பிடிக்காது என்பது வேறு விஷயம்.

அல்வாத் தாளுக்கு அடுத்தபடியாகக் கைக்கு வருவது தினசரி காலண்டரில் கிழித்த தாள். வீட்டு வாசல் மறிக்கப்படும்போது ஓடிப்போய் எடுப்பது அதைத்தான். பின்பக்கம் வெள்ளை, முன்பக்கம் தேதி, கிழமை, ராகு காலம், எமகண்டம். சாட்சியமாக இதைவிடச் சிறந்த தாள் இல்லை என்று தோன்றும். ஒரே ஒரு குறை: கிழித்த தாள் என்றால் அது முடிந்துபோன நாளின் தாள். செவ்வாய்க்கிழமை வைத்த சீட்டில் திங்கட்கிழமை அச்சாகியிருக்கும். வண்டிக்காரர் திங்களன்று தாம் தூத்துக்குடியில் இருந்ததற்கு டோல்கேட் ரசீது காட்டித் தப்பிவிடுவார்.

உண்மையில் சேதமா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது எழுத்து அன்று, பசை. வைப்பரில் வெறுமனே செருகியது குற்றமற்றது. சோற்றுப் பருக்கையால் ஒட்டியது இடைநிலை: காய்ந்தால் கெட்டிப்படும், எறும்பு வரும், ஆனால் ஈரத்துணி வைத்தால் ஊறிக் கழன்றுவிடும். செலோடேப் வெயிலில் கிடந்தால் தாள் போய்ப் பிசின் மட்டும் தங்கும். மண்ணெண்ணெய் தேட வேண்டியிருக்கும். கடைசிப் படி, சுவரொட்டிப் பசை. மைதாவைக் காய்ச்சி, பூச்சியும் மாடும் அண்டாமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள். கண்ணீர் அஞ்சலி போஸ்டரை மழைக்காலம் முழுக்கச் சுவரில் தாங்குகிற அந்தப் பசையை ஒருவர் கார்க் கண்ணாடியில் தடவினால், 324ஆம் பிரிவு விழித்துக்கொள்ளும். கண்ணாடி வழியே ரோடு தெரியாத வண்டியின் பயன் குறைந்துவிட்டது என்பதற்குச் சாட்சி வேண்டியதில்லை. டவுன் மாடுகளுக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. துத்தம் போடாத பசையாக இருந்திருந்தால் ஆதாரத்தை அவையே தின்று வழக்கை முடித்துவைத்திருக்கும்.

அமெரிக்காக்காரர்கள் இதை இன்னும் தூரம் கொண்டுபோனார்கள். மிச்சிகன் மாநிலத்தின் சாகினா நகரில், எந்தக் கார் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கண்டுபிடிக்க டயரில் சாக்பீஸால் கோடு போடுவது வழக்கமாக இருந்தது. அபராதம் கட்டிச் சலித்த ஒரு பெண்மணி கோர்ட்டுக்குப் போனார். 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சாக்பீஸ் கோடே அரசியல் சாசனம் சொல்லும் 'சோதனை'தான், வாரண்ட் இல்லாமல் போட்டது தப்பு என்றது. 2022இல் வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சான் டியாகோ நகர வழக்கில் போட்டுக்கொள்ளலாம் என்றது. ஒரு சாக்பீஸ் கோட்டுக்கு அங்கே இவ்வளவு சட்டம் என்றால், முழு வாக்கியம் எழுதுகிற நம்மூர்க்காரர் கவலைப்பட வேண்டாமா எனின், வேண்டாம். அங்கே கோடு போட்டது அரசாங்கம். இங்கே சீட்டு வைப்பது எதிர்வீட்டு அண்ணாச்சி. அவர் எந்தச் சாசனத்துக்கும் கட்டுப்பட்டவர் அல்லர்.

சீட்டின் மெய்யான பலவீனம் கீழே கையெழுத்து இல்லாதது. மொட்டைக் கடுதாசியின் சின்னத் தம்பி அது. 'காற்று பிடுங்கப்படும்' என்று எழுதினால் பிடுங்கப்போவது யார் என்று வாக்கியத்தில் இராது. பெயர் சொல்லாமல் மிரட்டுவதற்குச் சட்டத்தில் தனித் தண்டனையே உண்டு. பழைய சட்டத்தில் 507, புதியதில் 351(4). எழுதுகிறவர் சேதத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை, வினைமுற்றுக்குத்தான் அஞ்ச வேண்டும். 'ஓரமா விடுங்க' என்றால் வேண்டுகோள். 'பிடுங்கப்படும்' என்றால் போலீஸ் ஸ்டேஷன்.

பெயர் மறைப்பதில் கார்க்காரரும் சளைத்தவர் இல்லை. பின்கண்ணாடியில் பிள்ளைகள் பெயர், குலதெய்வத்தின் பெயர், தலைவர் படம், தாத்தா ஆசி, 'பிரஸ்', 'வக்கீல்' எல்லாம் ஒட்டியிருப்பார். போன் நம்பர் மட்டும் இருக்காது. சென்னைப் போக்குவரத்து போலீசார் 2024 மே 2 முதல் இப்படிப்பட்ட பதவி ஸ்டிக்கர்களுக்கு அபராதம் போடப்போவதாக அறிவித்தபோது கைக்கொண்ட பிரிவுகளில் ஒன்று, மேலே கண்ட அதே 198. ஊரான் வைப்பரைத் தொடுவதைத் தடுக்கும் பிரிவு சொந்தக்காரர் ஒட்டிய ஸ்டிக்கர் மேலும் பாயும் என்பதைச் சீட்டுத் தரப்பார் குறித்துக்கொள்ளலாம். முன்பு போன் நம்பர் தேவைப்படவில்லை; டி.என். 72 என்ற நெல்லைப் பதிவெண்ணோடு தொடங்கும் வண்டிகளில் பாதியையாவது தெருவில் அடையாளம் தெரியும். "இது ரைஸ்மில்காரர் வண்டில்லா, போய்க் கூப்பிட்டு வால" என்று ஒரு பையனை அனுப்பினால் வேலை முடிந்தது. இப்போது 69, 74, 76 என்று எல்லா எண்ணும் வந்து நிற்கின்றன. கத்திக் கூப்பிட ஆள் தெரியாத இடத்தில்தான் காகிதம் தேவைப்படுகிறது. வாய் பேசுவதில் குறை வைக்காத ஊரில் ஒருவர் பேனாவை எடுக்கிறார் என்றால், அவர் ஏற்கெனவே அரை மணி நேரம் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டார் என்று கொள்க.

காற்றைப் பிடுங்குவது மட்டும் எந்த விளக்கத்துக்கும் தப்பாது. டயர் கிழியவில்லை, காற்றுதானே போனது என்று வாதாட முடியாது. பயன் குறைந்தால் போதும் என்கிறது பிரிவு. பழைய சட்டத்தில் 50 ரூபாய்க்கு மேல் நட்டம் என்றால் தண்டனை கூடும். புதிய சட்டத்தில் அந்த வரம்பு 20,000 ரூபாய். நானூறு மடங்கு. பஞ்சர் கடையில் நான்கு சக்கரத்துக்கும் காற்றடித்து டீ குடித்தாலும் அந்தக் கணக்கு வராது என்பதால், பிடுங்குவோர் சிறிய தண்டனைப் பகுதியிலேயே நிற்கிறார்கள்.

இந்தக் குற்றம் கார்களைவிட மோட்டார் சைக்கிள்களில் எளிதாக நடக்கக் காரணம் கோபம் அன்று, வைப்பர் இல்லாமை. சீட்டெழுதி முடித்தவர் அதை எங்கே வைப்பது என்று வண்டியைச் சுற்றி வருகிறார். இருக்கையில் வைத்தால் பறந்துவிடும். பிரேக் லிவரில் சுற்றினால் நோண்டியதாகிவிடும். கண்ணாடியில் தொங்கும் ஹெல்மெட்டுக்குள் போடலாம். சிலர் அப்படித்தான் போடுகிறார்கள். வண்டிக்காரர் வந்து, கவனிக்காமல் அதை மாட்டிக்கொண்டு கிளம்பி, வண்ணாரப்பேட்டை தாண்டியதும் காதோரம் ஏதோ உறுத்துகிறதே என்று ஓரங்கட்டிப் பார்ப்பார். 'தயவுசெய்து வண்டியை உடனே எடுக்கவும்' என்று இருக்கும். அவர் ஓரங்கட்டியிருப்பது இன்னொருவர் வீட்டு கேட்டுக்கு முன்னால்.