மடிக்கணினிப் பலகையின் எண்வகைத் தேர்வு

சித்த மருத்துவர் நோயாளியை எட்டு வழிகளில் சோதிப்பார்: நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். சென்னை ரிச்சி தெருவில் மல்டிமீட்டரோடு உட்கார்ந்து, சார்ஜ் ஏறாத லேப்டாப் போர்டை ஆராய்பவரும் இந்த எட்டையேதான் செய்கிறார் என்பது இக்கட்டுரையின் துணிபு. அவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார் என்பது வேறு விஷயம்.

முதலில் மொழி. போர்டு பேசாது, உடையவர் பேசுவார். “நேத்து நைட் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சுண்ணே. தண்ணியெல்லாம் படவே இல்ல.” அடிமூடியைக் கழற்றினால் காப்பிக் கறை காத்திருக்கும். எனவே மொழியைக் கேட்டுக்கொள்வார்கள், நம்பமாட்டார்கள்.

நா பார்ப்பது ஒருகாலத்தில் எளிதாக இருந்தது. 2006இல் வந்த மேக்சேஃப் சார்ஜரின் முனையிலேயே விளக்கு உண்டு. ஆரஞ்சு என்றால் ஏறுகிறது, பச்சை என்றால் நிறைந்துவிட்டது. 2016இல் மேக்புக் ப்ரோ யூஎஸ்பி-சிக்கு மாறியபோது அந்த நாக்கு அறுந்தது. 2021இல்தான் மறுபடி முளைத்தது. இடைப்பட்ட காலத்து நோயாளிகளுக்கு நாடியே கதி.

நாடி பார்க்க, சார்ஜருக்கும் லேப்டாப்புக்கும் நடுவே கட்டைவிரல் அளவு மீட்டர் ஒன்றைச் செருகுவார்கள். யூஎஸ்பி-சி சார்ஜர் எடுத்த எடுப்பில் 5 வோல்ட்டுக்கு மேல் தராது. 24 முனைகளில் சிசி என்ற முனை வழியாக முதலில் சம்பந்தம் பேச வேண்டும். என்னால் இவ்வளவு தர முடியும் என்று மாப்பிள்ளை வீடு சொல்லி, எனக்கு இது போதும் என்று பெண் வீடு ஒத்துக்கொண்ட பிறகே 20 வோல்ட் வரும்.

மீட்டர் 5இலேயே நின்றால் வாத நாடி: பேச்சே முறிந்திருக்கிறது. 2016 முதல் சில ஆண்டுகள் வந்த மேக்புக் ப்ரோக்களில் தரகு வேலை சிடி3215 என்ற சிப்புடையது. ஆகவே முதல் சந்தேகமும் அதன்மேல்தான். 20 வந்தும் ஆம்பியர் பூஜ்யத்தை ஒட்டியே கிடந்தால் பித்தம்: நிச்சயம் முடிந்தது, கல்யாணம் நடக்கவில்லை. உள்ளே பிரதான மின்தடத்தை அளந்து பார்க்க வேண்டும். மூன்று செல் பேட்டரி உள்ள பல பழைய போர்டுகளில் அங்கே சுமார் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். நிறைந்த லித்தியம் செல் ஒன்றுக்கு 4.2 என்பதால் வந்த கணக்கு அது. 5க்கும் 20க்கும் இடையே ஏறி இறங்கி இளைத்தால் கபம்.

தடத்தில் ஷார்ட் என்று தெரிந்தால் ஸ்பரிசம். சுமார் 1 வோல்ட்டை வெளியிலிருந்து ஊட்டி, போர்டின்மேல் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலைத் தடவுவார்கள். எந்தக் கெப்பாசிட்டர்மேல் முதலில் காய்கிறதோ அதுவே குற்றவாளி. விரலை வைத்துக் கண்டுபிடிப்போரும் உண்டு. கொப்புளமே அவர்களுடைய சான்றிதழ்.

நிறமும் விழியும் சேர்ந்தே வேலை செய்யும். மைக்ரோஸ்கோப்பில் பச்சைப் பாசி தெரிந்தால் செம்பு அரிக்கிறது என்று பொருள். அது சென்ஸ் ரெசிஸ்டர் பக்கம் இருந்தால் வேடிக்கை கூடும். 0.02 ஓம் தடையில் 1 ஆம்பியர் பாய்ந்தால் 20 மில்லிவோல்ட் விழும். அதை வைத்துத்தான் சார்ஜிங் ஐசி எவ்வளவு கரண்ட் போகிறது என்று கணக்கெழுதுகிறது. சேதி கொண்டுபோகும் வழியில் கடுகைவிடச் சின்ன ரெசிஸ்டர் ஒன்று அரித்துப்போனால் கணக்கு பொய்யாகிறது. ஐசி நல்லதுதான், அதை நம்பவைத்த குமாஸ்தாதான் கெட்டவன். அவசரக்காரர்கள் ஐசியை மாற்றிவிட்டு, நோய் தீராமல் விழிப்பது இங்கேதான்.

மலமும் மூத்திரமும் போர்டுக்குப் பொருந்தா என்று ஆய்வாளர்கள் ஒதுக்க நினைக்கலாம். கரப்பான் எச்சத்தையும் எலி மூத்திரத்தையும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவியவர்கள் அதை ஒப்பமாட்டார்கள்.

இவற்றுக்கெல்லாம் முந்தியது கேபிளை மாற்றிப் பார்ப்பது. சாதாரண யூஎஸ்பி-சி கேபிள் 3 ஆம்பியர்தான் தாங்கும், அதாவது 20 வோல்ட்டில் 60 வாட். 5 ஆம்பியருக்குத் தனி அடையாள சிப் பதித்த கேபிள் வேண்டும். போன் கேபிளைக் கொண்டுவந்து “மெதுவா ஏறுதுண்ணே” என்பவரிடம் பார்வைக் கட்டணம் வாங்கலாமா என்பதில் ரிச்சி தெரு அறிஞர்களிடையே இன்னும் கருத்தொற்றுமை இல்லை.